முதல் அலகில் கவிதையைத் திரும்பச் சேருங்கள்

பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எம்.ஏ. ஆங்கிலத்தின் குயர் கோட்பாடு (பாலினம், பாலீர்ப்பு பற்றிய வழக்கமான வரையறைகளைக் கேள்வி கேட்கும் சிந்தனை) விருப்பப் பாடத்திலிருந்து லெஸ்பியன் கவிஞர்களை ஏன் எடுத்தீர்கள் என்பதை இங்கே நான் விளக்க வேண்டியதில்லை. ‘இது கோட்பாட்டுத் தாள், கவிதைக்கு இங்கே என்ன வேலை’ என்றீர்கள். இப்போது முதல் அலகு நேராக 1990இல், கோட்பாட்டாளர்களான ஜூடித் பட்லர், ஈவ் செட்ஜ்விக் ஆகியோரின் நூல்களில் தொடங்குகிறது.

என் மாணவி ஒருவர் பணம் கட்டி விடைத்தாள் நகல் வாங்கி வந்து காட்டினார். குயர் கோட்பாட்டின் தோற்றம் பற்றிய பத்து மதிப்பெண் கேள்வி. மெக்சிக வம்சாவளி அமெரிக்க லெஸ்பியன் கவிஞர் குளோரியா அன்சால்துவாவின் ‘பார்டர்லேண்ட்ஸ்’ நூலிலிருந்து தொடங்கியிருந்தார். 1987இல் வந்த நூல். பின்பாதி முழுக்கக் கவிதை. குயர் என்று அன்சால்துவா தன்னையும் தன்னைப் போன்றவர்களையும் அதில் கூசாமல் சொல்லிக்கொள்கிறார். கோட்பாட்டாளர் தெரசா டி லாரெட்டிஸ், கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாட்டில் ‘குயர் கோட்பாடு’ என்று பெயர் வைத்தது 1990இல். அதே பல்கலைக்கழகத்தில்தான் அன்சால்துவா அப்போது முனைவர் பட்ட மாணவி. இவ்வளவையும் என் மாணவி வரிசையாக எழுதியிருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில் ‘அவுட் ஆஃப் சிலபஸ்’. மதிப்பெண் இரண்டு. திருத்தியவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கையிலிருந்த விடைக்குறிப்பு அப்படி. அது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

அதனால்தான் கேட்கிறேன், கவிதையைத் திரும்பச் சேருங்கள். அமெரிக்க லெஸ்பியன் கவிஞர் அட்ரியன் ரிச்சின் ‘இருபத்தொரு காதல் கவிதைகள்’ 1976இல் வந்தன. எதிர்பாலுறவைச் சமூகம் பெண்கள்மீது திணிக்கிறது என்று சொல்லும், ‘கட்டாய எதிர்பாலுறவு’ பற்றிய அவருடைய கட்டுரை 1980இல்தான். அந்தக் கருத்தைக் கையாண்டதாக பட்லரே தன் நூலின் அடிக்குறிப்பில் சொல்கிறார். அடிக்குறிப்பை யார் படிக்கிறார்கள்! கவிதை ஆடம்பரமல்ல என்று கறுப்பின லெஸ்பியன் கவிஞர் ஆட்ரி லார்ட் 1977இலேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார். உங்கள் குழுவுக்கு இன்னும் அது ஆடம்பரமாகத்தான் படுகிறது.

ரிச்தான் ‘பெண் எழுத்து’ தாளில் இருக்கிறாரே என்பீர்கள். இருக்கிறார், ‘ஜெனிஃபர் அத்தையின் புலிகள்’ எழுதிய ரிச். 1951ஆம் ஆண்டுக் கவிதை, சிபிஎஸ்இ பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பிலேயே படித்துவிட்டு வருவது. அதில் வரும் கல்யாணமான அத்தைக்குப் பள்ளியிலும் எம்.ஏ.விலும் என்று இரண்டு இடம், ரிச்சின் காதல் கவிதைகளில் வரும் காதலிக்கு ஓர் இடமும் இல்லை. நம் துறைகளில் எல்லாமே இப்படித்தான், போகட்டும்.

கோபத்தில் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது அதிகமில்லை. ரிச்சின் காதல் கவிதைகளில் இரண்டு, லார்டின் அந்தக் கட்டுரை, அன்சால்துவாவின் ஒரு பகுதி. ஒரு வாரத்தில் நடத்திவிடலாம். அடுத்த கூட்டத்தில் தயவுசெய்து இதை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவரை, அன்சால்துவாவிலிருந்து தொடங்கும் விடைக்கும் மதிப்பெண் உண்டு என்று விடைக்குறிப்பில் ஒரு வரியாவது சேர்த்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
இந்தத் தாளை நடத்தும் உதவிப் பேராசிரியர் ஒருவர்