போப் ஐயர் கல்லறைக்குக் கேமராவோடு போகும் மகளுக்கு

பாளையங்கோட்டை

அன்பு மகளே,

ஆக்ஸ்போர்டில் ஜி.யு. போப் ஐயர் கல்லறையைப் பார்க்க உங்கள் தமிழ்ச் சங்கத்தார் பன்னிரண்டு பேர் போகிறீர்கள், படம் எடுக்கும் பொறுப்பு உன் தலையில் என்று எழுதியிருந்தாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன். போகிற வழியில் ரயிலில் இன்னொரு தடவை படித்துக்கொள்.

'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று தம் கல்லறையில் பொறிக்கச் சொன்னார் என்பது நம்மூர் மேடைகளில் தவறாமல் ஒலிக்கும் பேச்சு. கல்லில் அந்த வரி கிடையாது. அங்கே இருப்பது ஆங்கிலம். பெயர், தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்ற குறிப்பு, பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியில் சமய குருவாக இருந்தவர் என்ற விவரம். கடைசியில், இந்தக் கல்லை அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் வைத்தார்கள் என்ற செய்தி. 1820ல் கனடாவில் பிறந்து, 1839ல் தமிழ்நாட்டுக்கு வந்து, சாயர்புரம், தஞ்சாவூர், ஊட்டி என்று பள்ளிக்கூடம் நடத்தி, 1886ல் குறளையும் 1893ல் நாலடியாரையும் 1900ல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த மனிதருக்கு, கடலுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் சேர்ந்து எழுப்பிய கல் அது. இல்லாத அந்த வரியைவிட இது பெரிய செய்தி என்றுதான் எனக்குப் படுகிறது. ஆகவே உன் வேலை மாலை போட்ட கல்லுக்கு முன்னால் பன்னிரண்டு பேர் சிரிக்கும் படத்தோடு முடியவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெரிகிற ஒரு படமாவது வேண்டும். அதையும் கல்லுக்கு ஒரு கீறல்கூட விழாமல் எடுக்க வேண்டும்.

அந்தக் கல் நிற்கும் செயின்ட் செபல்கர்ஸ் கல்லறைத் தோட்டம் வால்ட்டன் தெருவில் இருக்கிறது. 1848ல் திறந்தது. இப்போது நகரசபையின் பராமரிப்பில் உள்ளது, புதிய அடக்கம் நடப்பதில்லை. சொந்தத்துக்குப் படம் எடுக்க யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் பன்னிரண்டு பேர், பேனர், முக்காலி, மைக் என்று போனால் அது நிகழ்ச்சி ஆகிவிடும். அப்படியென்றால் நகரசபையின் கல்லறை அலுவலகத்துக்கு இரண்டு வாரம் முன்னாடியே ஒரு மின்னஞ்சல் போட்டுவிடு. எத்தனை பேர், எத்தனை மணி நேரம், என்ன கொண்டுவருகிறோம் என்று மூன்று வரி போதும். பேனரைக் கையில் பிடிக்கச் சொல். பக்கத்துக் கல்லில் கயிறு கட்டவே கூடாது. பழைய கற்கள் பலவற்றின் அடிப்பாகம் தளர்ந்திருக்கும். ஒரு இழுப்பில் சாய்ந்துவிடும், ஆள்மேல் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. இதே காரணத்தால் கல்லில் சாயக் கூடாது, பையை மாட்டக் கூடாது, கேமராவை அதன் தலையில் வைத்து டைமர் போடவும் கூடாது. எச்சரிக்கை நாடாவோ முட்டுக்கட்டையோ தெரிந்தால் கல்லின் உயரத்தைவிட அதிக தூரத்தில் நில்.

வேறு இடங்களுக்குப் போகும்போது ஆளைப் பார்த்துக் கேட்க வேண்டும். கிராமத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் நம்மூர்க் கோயில்பிள்ளையிடம் கேட்பதுபோல அங்கே சர்ச் வார்டனிடம் ஒரு வார்த்தை. லண்டன் ஹைகேட் கல்லறைத் தோட்டத்தில் நுழைவுக் கட்டணம் உண்டு, வாசலிலேயே விதிகளைக் கேட்டுக்கொள்ளலாம். யூதர் கல்லறைத் தோட்டம் சனிக்கிழமை மூடியிருக்கும். ஆண்கள் தலையை மூடிக்கொள்ள வேண்டும். கல்லின் மேல் வரிசையாக இருக்கும் கூழாங்கற்கள் குப்பை இல்லை, பார்க்க வந்தவர்கள் வைத்துப் போனவை. படத்துக்கு இடைஞ்சல் என்று ஒன்றைக்கூட நகர்த்திவிடாதே.

இனி வெளிச்சம். கல்வெட்டு தெரியாமல் போவதற்குப் பத்தில் ஒன்பது தடவை காரணம் எழுத்துத் தேய்ந்தது அல்ல, வெளிச்சம் நேராக விழுவது. பள்ளத்துக்கும் மேட்டுக்கும் ஒரே அளவு ஒளி விழுந்தால் நிழல் இருக்காது. நிழல் இல்லாவிட்டால் எழுத்தும் தெரியாது. ஃப்ளாஷ் போட்டால் இன்னும் மோசம், கல் வெள்ளைப் பலகை போலாகிவிடும். சுவரை உரசிக்கொண்டு போவதுபோல ஒளி பக்கவாட்டில் வர வேண்டும்.

இங்கிலாந்தின் பழைய கல்லறைகளில் தலை மேற்கிலும் கால் கிழக்கிலும் இருப்பது வழக்கம். ஆகவே நிற்கும் கற்களின் முகம் பெரும்பாலும் கிழக்கையோ மேற்கையோ பார்த்திருக்கும். கணக்கைப் பார். சூரியன் நேர் தெற்கில் வரும் நேரத்தில் அதன் ஒளி அந்த முகத்தை உரசும். ஆக்ஸ்போர்டில் அது குளிர்காலத்தில் பன்னிரண்டை ஒட்டி, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருக்கும் மாதங்களில் ஒரு மணியை ஒட்டி. முகம் கிழக்கு என்றால் அதற்குச் சற்று முன்பும், மேற்கு என்றால் சற்றுப் பின்பும் எழுத்துகள் பளிச்சென்று எழும். நல்ல ஒளி கால் மணியிலிருந்து அரை மணிக்குள் போய்விடும். குழுப்படம், பேச்சு, தேநீர் எல்லாவற்றையும் அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளச் சொல். படுத்திருக்கும் கல்லுக்கு இந்தக் கணக்கு வேலை செய்யாது. அதற்குக் காலையோ மாலையோ தாழ்ந்த வெயில் வேண்டும். டிசம்பர் கடைசியில் அங்கே உச்சியிலும் சூரியன் 15 பாகைக்குமேல் ஏறுவதில்லை. நம்மூரில் கிடைக்காத வசதி!

முகம் வடக்குப் பார்த்திருந்தால், அல்லது மரநிழலில் இருந்தால், கண்ணாடி. கதவில் மாட்டும் நீளக் கண்ணாடி ஒன்று, ஒரு அடிக்கு நாலு அடி இருந்தால் போதும். ஒருவர் அதை வெயிலில் பிடித்துக்கொண்டு கல்லின் பக்கவாட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்க, ஒளி கல்லின்மேல் வழுக்கிக்கொண்டு போகும்படி மெல்லத் திருப்ப வேண்டும். கோணம் சரியானதும் எழுத்துகள் திடீரென்று வந்துவிடும், கை அசையாமல் இருக்கச் சொல். கண்ணாடியைக் கல்லில் சாய்த்து வைக்கக் கூடாது, யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது, வேலை முடிந்ததும் காய்ந்த புல்லில் வெயிலைப் பார்த்தபடி போட்டுவிட்டுப் போகவும் கூடாது. மேகம் மூடிய நாளில் கண்ணாடி பயன்படாது. நல்ல எல்.இ.டி. டார்ச் ஒன்றை ஒருவர் கல்லின் ஓரத்தில் பிடிக்க, இன்னொருவர் கறுப்புக் குடையை விரித்து எதிர்ப்பக்கத்து ஒளியை மறைத்தால் போதும். குடை மழைக்கு மட்டும் இல்லை.

எழுத்து தெரியவில்லை என்று சாக்பீஸ் தேய்ப்பவர்கள், மைதா மாவு தூவுபவர்கள், ஷேவிங் கிரீம் பூசி அட்டையால் வழிப்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. உங்கள் குழுவிலும் ஒருவர் யூடியூபில் பார்த்ததாகச் சொல்லக்கூடும். விடாதே. ஷேவிங் கிரீமில் அமிலமும் எண்ணெய்ப் பசையும் உண்டு. நுண்துளைக் கல்லுக்குள் இறங்கிவிட்டால் கழுவினாலும் முழுதாக வெளியே வராது. மாவு பூஞ்சைக்குத் தீனி. சாக்பீஸ் பொடி துளையில் தங்கிக் கறையாகும், தேய்க்கும்போது இற்றுப்போன ஓரங்களையும் அராவிவிடும். ஆக்ஸ்போர்டு வட்டாரத்துக் கட்டடக் கல் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல். ஒரு நூற்றாண்டுக் கரிப்புகையில் அதன் மேல்தோல் உப்பி, சில இடங்களில் அப்பளம்போல நிற்கும். விரல் பட்டாலே உதிரும். கம்பி பிரஷ் என்ற பேச்சே வேண்டாம்.

கல்லின்மேல் சாம்பலும் மஞ்சளுமாக வட்ட வட்டமாக ஒட்டியிருப்பது அழுக்கு இல்லை, கல்பாசி. நாம் பிரியாணியில் போடும் கல்பாசிக்கு அது தூரத்து உறவு. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராத வகைகள் உண்டு. பிரிட்டனில் உள்ள சுமார் 2000 வகைகளில் 700 போலக் கோயில் கல்லறைத் தோட்டங்களில் பதிவாகியிருக்கின்றன. சுரண்டினால் கல்லின் மணிகளும் அதோடு வந்துவிடும், எழுத்தும் போய்விடும். அதையும் சேர்த்தே படம் எடு.

அனுமதிக்கப்பட்டது என்று சொல்ல வேண்டுமானால், உதிர்ந்த இலையைக் கையால் ஒதுக்கலாம். முன்னால் நிற்கும் புல்லை ஒரு அட்டையால் மடக்கிப் பிடிக்கலாம், கத்தரிக்கக் கூடாது. உறுதியான கல்லில் சுத்தமான தண்ணீரை மெல்லத் தெளித்தால் சில நேரம் எழுத்து கருத்துத் தெரியும். ஆனால் உறைபனி மாதங்களில் அதுவும் கூடாது. துளைக்குள் போன தண்ணீர் இரவில் உறைந்து விரிந்து கல்லைப் பிளக்கும்.

மாலை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நம்மவர்கள் தவறுவது இங்கேதான். நம்மூரில் கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடித்து, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். ஆண்டுதோறும் பூசப்படும் சிமெண்டுக் கல்லறைக்கு அது சரி. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட பொறிப்புக் கல்லுக்கு அது ஆகாது. சந்தனமும் குங்குமமும் மஞ்சளும் கல்லில் படவே கூடாது. மஞ்சள் கறை துணியில் என்ன செய்யும் என்று உனக்குத் தெரியும், கல்லைத் துவைக்க முடியாது. அகல்விளக்கு எண்ணெய் சிந்தினால் கரும்படலம். மெழுகு உருகி எழுத்துக்குள் இறங்கினால் அதைக் குத்தி எடுக்கும்போது ஓரம் உடையும். மாலையில் கம்பி இருந்தால் மழையில் துருக்கோடு விழும். நார்ச் சரமாக வாங்கு, கல்லின் கழுத்தில் போடாமல் கால்மாட்டில் புல்மேல் வை. எழுத்துப் படம் முதலில், பூ பிறகு. பிளாஸ்டிக் உறை, ரப்பர் வளையம் எல்லாம் உன் பைக்குள் திரும்ப வர வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும் என்று யாராவது ஆசைப்பட்டால் கழற்றட்டும், அங்கே அது எதிர்பார்க்கப்படுவதில்லை. ஆனால் கல்விளிம்பில் காலை ஊன்றி போஸ் கொடுப்பதும் பலகைக்கல்லில் உட்காருவதும் எந்த ஊரிலும் அழகில்லை. நடக்கும்போது வரிசைகளுக்கு இடையே, கால்மாட்டுப் பக்கமாக நட.

இந்தத் தோட்டத்தில் அழுதுகொண்டு நிற்பவர் அநேகமாக இருக்க மாட்டார். மற்ற இடங்களில் இருப்பார்கள். அடக்கம் நடந்தால் கேமராவைப் பைக்குள் போடு. கையில் தொங்கவிடுவதுகூட வேண்டாம், தூரத்திலிருந்து ஜூம் செய்வது அதைவிடக் கேவலம். சவ ஊர்தி கடக்கும்வரை ஓரமாக நில். போனின் கிளிக் சத்தத்தை அணைத்துவை. புதிய கல்லறைகள், அதுவும் பொம்மையும் பலூனும் வைத்த குழந்தைகளின் கல்லறைகள், அவை படத்துக்கு இல்லை. பின்னணியில் விழுந்தால் கோணத்தை மாற்று. சில கற்களில் கணவர் பெயருக்குக் கீழே மனைவியின் பெயரும் பிறந்த ஆண்டும் பொறித்து, இறந்த ஆண்டை வெறுமையாக விட்டிருப்பார்கள். அவர் உயிரோடு இருக்கிறார் என்று பொருள். அந்தப் படத்தை இணையத்தில் ஏற்றாதே.

எடுக்கும் முறை எளிது. லென்ஸ் கல்லின் நடு உயரத்துக்கு வர வேண்டும், அதற்கு முழங்கால் போடத் தயாராகப் போ. போனின் அகலக் கோணத்தில் பக்கத்தில் போய் எடுத்தால் கல்லின் மேற்பகுதி குறுகிக் கோபுரம்போல வரும். பின்னால் தள்ளி 2எக்ஸில் எடு. கேமராவென்றால் 50 மில்லிமீட்டர், எஃப் 8, ஐ.எஸ்.ஓ. 200. கண்ணை உறுத்தும் வெள்ளைக் கல்லைக் கேமரா சாம்பலாக்கிவிடும், எக்ஸ்போஷரை முக்கால் படி கூட்டு. பளபளக்கும் கறுப்புக் கிரானைட்டில் உன் முகமே விழும். சற்றுப் பக்கவாட்டில் விலகி, பின்னால் கறுப்புத் துணி ஒன்றைப் பிடிக்கச் சொல். சில பளிங்குகளில் ஈய எழுத்துகளைப் பதித்திருப்பார்கள், அவை விழுந்துபோயிருந்தால் ஆணித்துளைகளின் வடிவமே எழுத்தைச் சொல்லும். அந்தத் துளைகளையும் நெருங்கி எடு.

ஒரு கல்லுக்கு நான்கு படம். முழுக் கல், எழுத்து மட்டும், அக்கம்பக்கத்துக் கற்களோடு இடம் தெரியும்படி ஒன்று, பின்பக்கமும் அடியும். அடியில் சில நேரம் கல்தச்சரின் பெயர் இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. இதே தோட்டத்தில்தான் பேலியல் கல்லூரித் தலைவராக இருந்த பெஞ்சமின் ஜோவட்டும் இருக்கிறார். திருவாசக மொழிபெயர்ப்பை முடிக்கும்படி போப்பை ஊக்கியவர் அவர். நேரம் இருந்தால் அவர் கல்லுக்கும் நான்கு.

கிளம்புமுன் கல்லுக்கு எதிரிலேயே நின்று வாசகத்தை நோட்டில் எழுது. வரி எங்கே உடைகிறதோ அங்கே ஒரு சாய்கோடு, பெரிய எழுத்து பெரிய எழுத்தாகவே, தெரியாத எழுத்துக்குச் சதுர அடைப்புக்குள் புள்ளி. ஊகித்து நிரப்பாதே, எழுத்துப்பிழை தெரிந்தாலும் திருத்தாதே. வீட்டுக்கு வந்து படத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், சந்தேகம் வரும் எழுத்து எப்போதும் நிழல் விழுந்த மூலையில்தான் இருக்கும்.

எனக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போடாதே, சுருக்கிவிடும். டாக்குமெண்ட் என்று இணைத்து அனுப்பு. நோட்டுப் பக்கத்தையும் சேர்த்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா