பவானியில் ஆற்று மட்டத்துக்குக் கீழே வாழ்பவர்கள் எத்தனை பேர்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றிய செய்திகளையும் கட்டுரைகளையும் தொடர்ந்து படித்து வருகிறேன். தொகுதி மறுவரையறை, சாதிவாரிக் கணக்கு, பெருநகரங்களின் வளர்ச்சி ஆகியவற்றைச் சுற்றியே பேச்சு நடக்கும் இவ்வேளையில், பவானி போன்ற ஆற்றங்கரைச் சிறு நகரங்களுக்கு இந்தக் கணக்கு எதற்காக வேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக ஈரோடு, நாமக்கல் மாவட்ட நிர்வாகங்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

மேட்டூரில் இருந்து தெற்கு நோக்கி இறங்கி வரும் காவிரி பவானி நகரின் கிழக்கு எல்லையாக ஓடுகிறது. நீலகிரியில் தோன்றி, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் சென்று, மீண்டும் தமிழ்நாட்டுக்குத் திரும்பி, பவானிசாகரையும் சத்தியமங்கலத்தையும் கடந்து வரும் பவானி ஆறு நகருக்குத் தெற்கே காவிரியில் கலக்கிறது. திருஞானசம்பந்தர் திருநணா என்று பாடிய சங்கமேஸ்வரர் கோயில் கூடுதுறை எனப்படும் அந்த முனையில்தான் இருக்கிறது. ஆக, கிழக்கிலும் தெற்கிலும் ஊர் நகர முடியாது. மேட்டூர் சாலை, அந்தியூர் சாலை ஆகியவற்றை ஒட்டி வடக்கிலும் மேற்கிலும்தான் புது வீடுகள் எழுகின்றன. அங்கே மனை வாங்க இயலாதவர்களும், பல தலைமுறைகளாகக் கரையிலேயே இருப்பவர்களும், குறைந்த வாடகைக்கு வீடு தேடி வருபவர்களும் ஆற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில் நெருக்கமாக வாழ்கிறார்கள்.

இந்த அமைப்பினால் வெள்ளக் காலத்தில் நேர்வது வெளியூர் வாசகர்கள் பலருக்குத் தெரிந்திராது. மேட்டூர் அணை 120 அடியை எட்டிவிட்டால், கர்நாடகத்தில் இருந்து வரும் நீர் ஏறத்தாழ அப்படியே கீழே விடப்படுகிறது. அதே பருவத்தில் நீலகிரியில் மழை வலுத்தால் பவானிசாகரிலும் உபரி நீர் திறக்கப்படுகிறது. காவிரி நிரம்பி ஓடும்போது பவானி ஆற்றின் நீர் அதற்குள் இறங்க வழியின்றித் தேங்கி, வந்த திசையிலேயே பின்னோக்கி ஏறும். எனவே, ஒரே நேரத்தில் இரண்டு பக்கங்களில் இருந்தும் ஊருக்குள் தண்ணீர் வருகிறது. 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் மேட்டூரில் இருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்கு நீர் வெளியேறியபோது, பவானியில் கந்தன்பட்டறை போன்ற கரையோரப் பகுதிகளிலும், எதிர்க்கரையில் குமாரபாளையத்தின் கலைமகள் வீதி, இந்திரா நகர் போன்ற இடங்களிலும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. குடும்பங்கள் பள்ளிகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் மாற்றப்பட்டன.

2011 கணக்கெடுப்பின்படி பவானி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 39 ஆயிரம். குமாரபாளையத்தினுடையது சுமார் 71 ஆயிரம். பாலத்தில் நடந்தே கடந்துவிடக்கூடிய தூரத்தில் உள்ள இரு நகரங்களிலும் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் ஒரே ஆற்றின் இரு கரைகளில் வாழ்கிறார்கள். ஆனால் பவானி ஈரோடு மாவட்டத்திலும், குமாரபாளையம் நாமக்கல் மாவட்டத்திலும் உள்ளன. கோவை, சேலம் மாவட்டங்களுக்கு நடுவே காவிரி எல்லையாக இருந்த காலத்தில் இருந்தே இந்தப் பிரிவு நீடிக்கிறது. எல்லையை மாற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரே வெள்ளத்துக்கு இரண்டு மாவட்டங்கள் தனித்தனியாகப் பட்டியல் தயாரிப்பதும், ஒரு கரையின் நிலவரம் மறுகரையில் திட்டமிடுபவர்களின் கோப்பில் இடம்பெறாமல் போவதும்தான் என் கவலை.

ஆற்றின் மட்டத்தைப் பொறுத்தவரை நமக்குத் தகவல் குறைவில்லை. நகருக்குச் சற்று வடக்கே ஊராட்சிக்கோட்டையில் காவிரியையும், மேற்கே சவண்டப்பூரில் பவானி ஆற்றையும் மத்திய நீர்வள ஆணையம் அளந்து வருகிறது. மேட்டூரிலும் பவானிசாகரிலும் எவ்வளவு நீர் திறக்கப்படுகிறது என்பது நாள்தோறும் செய்தியாக வெளிவருகிறது. ஆனால் அந்த நீர் எந்த அளவை எட்டும்போது எந்தத் தெருவில் எத்தனை வீடுகளுக்குள் ஏறும், அவ்வீடுகளில் முதியோர், கைக்குழந்தைகள், படுக்கையில் இருப்போர் எத்தனை பேர் என்ற கணக்கு இதனுடன் சேர்த்து வைக்கப்படவில்லை. கணக்கெடுப்பு அலுவலகம் வெளியிடும் புள்ளிவிவரம் வார்டு அளவோடு நின்றுவிடுகிறது. ஒரே வார்டில் மேட்டுத் தெருவும் இருக்கிறது, படித்துறையை ஒட்டிய சந்தும் இருக்கிறது. அவ்விரண்டுக்கும் சேர்த்துப் போடப்படும் கூட்டுத்தொகையை வைத்து எத்தனை படகுகள் வேண்டும், எத்தனை மண்டபங்கள் வேண்டும் என்று யாரும் முடிவு செய்ய இயலாது.

கரையோர வீடுகளில் பல, வீடாக மட்டும் இருப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளம் குழித்தறியில் நெய்யப்படுவது. நெசவாளி தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகளை மிதித்து நெய்வார். வெள்ளம் வாசற்படியைத் தாண்டியதும் முதலில் நிரம்புவது அந்தக் குழிதான். பாத்திரங்களையும் துணிமணிகளையும் தூக்கிக்கொண்டு வெளியேறலாம்; தரையோடு பொருத்தப்பட்ட தறியையும் அதில் ஏற்றிய பாவு நூலையும் என்ன செய்வது? நீர் வடிந்த பிறகும் குழி காய்ந்து மறுபடி பாவு பூட்டும் வரை அந்தக் குடும்பத்துக்குக் கூலி கிடையாது. குமாரபாளையத்தின் தாழ்வான தெருக்களில் விசைத்தறியை நம்பி வாடகைக்குக் குடியிருப்பவர்களிலோ, குடும்ப அட்டை வேறு ஊரில் இருப்பதால் நிவாரணப் பட்டியலில் எளிதில் இடம்பெற முடியாதவர்கள் உண்டு. இவர்களையெல்லாம் வெள்ளம் வந்த பிறகு தேடித் தேடிச் சேர்ப்பதைவிட முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது நியாயம்.

வீட்டுப்பட்டியல் தயாரிப்பில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் எண் இடப்படுகிறது. அது வசிப்பதற்கு மட்டும் பயன்படுகிறதா, தொழிலுக்கும் சேர்த்துப் பயன்படுகிறதா என்பதும் குறிக்கப்படுகிறது. தனிநபர் விவரங்களைச் சட்டப்படி வெளியிட முடியாது என்பதை நான் அறிவேன். அவை தேவையும் இல்லை. 2018 வெள்ளம் தொட்ட உயரத்தை இரு கரைகளிலும் தெருத் தெருவாக அளந்து கோடாகக் குறித்து, அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள கட்டடங்களையும், அவற்றில் வாழ்பவர்களையும், தறிகளையும் உள்ளாட்சி ஊழியர்களைக் கொண்டு தனியாக எண்ணினால் போதுமானது. இரு நகராட்சிகளில் எதற்கும் இது பெருஞ்செலவு வைக்கும் வேலை அன்று.

13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் இந்தக் கூடுதுறைக்கு அருகிலேயே பவானி ஆற்றின் குறுக்கே அணை கட்டி, நில மட்டத்தின் போக்குக்கு ஏற்ப வளைந்து வளைந்து கொடுமுடிப் பக்கம் வரை வாய்க்கால் வெட்டினார். அந்த வாய்க்கால் இன்றும் 15 ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு நீர் தருகிறது. கருவிகள் பெருகியிராத காலத்திலேயே மட்டம் பார்த்து வேலை செய்த ஊரில், இன்று மட்டம் பாராமல் மக்களை எண்ணுவது எனக்கு வருத்தம் அளிக்கிறது.

ஆடி அமாவாசைக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் கூடுதுறையில் நீராடவும் தர்ப்பணம் செய்யவும் வெளியூர்களில் இருந்து பெருங்கூட்டம் வருகிறது. அணைகள் நிரம்பும் பருவமும் அதுவே. அந்நாட்களில் ஊரில் இருப்போரின் தொகை எந்தக் கணக்கெடுப்பு ஏட்டிலும் இருக்காது என்பதால், திருவிழா நாட்களுக்கான தோராய மதிப்பீடு ஒன்றையும் இதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஈரோடு, நாமக்கல் மாவட்ட ஆட்சியர்கள் வருவாய்த் துறை, நீர்வளத் துறை, இரு நகராட்சிகள் ஆகியவற்றின் அலுவலர்களை ஒரே கூட்டத்துக்கு அழைத்து, வெள்ளக் கோட்டைக் குறிக்கும் வேலையை அடுத்த தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே தொடங்க வேண்டும் என்றும், அதன் விவரம் இரு நகராட்சி அலுவலகங்களிலும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
பவானி, ஈரோடு மாவட்டம்.