பிரேக் டிரம்மில் எரிவதும் டீசல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரக்கு லாரிகளின் டீசல் செலவைக் குறைப்பது பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். எஞ்சினைப் பற்றியும் டயரைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதியவர், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவரைக் கடைசியில் ஒரே வரியில் முடித்துவிட்டார். ஓட்டுநருக்கு மைலேஜ் இலக்கு வைக்க வேண்டுமாம், எட்டாவிட்டால் சம்பளத்தில் பிடிக்க வேண்டுமாம். லாரி ஓட்டியே குடும்பம் நடத்துகிறவன் நான். அந்த ஒரு வரி எத்தனை உயிர்களோடு விளையாடுகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டீசலை மிச்சம் பிடிக்கும் ஓட்டமும் விபத்தில்லாத ஓட்டமும் ஒன்றே என்பது என் உறுதியான கருத்து. 40 டன் எடையோடு மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டியில் ஏறக்குறைய ஒரு கோடி ஜூல் ஆற்றல் ஏறியிருக்கிறது. ஒரு லிட்டர் டீசலை எரித்தால் சுமார் 3.6 கோடி ஜூல் கிடைக்கும். ஆனால் நல்ல எஞ்சினிலும் அதில் பாதிகூடச் சக்கரத்துக்கு வந்து சேராது. ஆகவே அந்த வண்டியை ஒருமுறை முழுதாக நிறுத்தி, மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர அரை லிட்டருக்கு மேல் டீசல் போய்விடும். பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்மில் ஏறும் சூடு முழுவதும் சற்று முன்பு டேங்கில் இருந்த டீசல்தான்.

இதனால்தான் கைதேர்ந்த ஓட்டுநரின் பார்வை முன்னால் போகும் வண்டியோடு நின்றுவிடாது. தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்த உடனே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். விளக்கை நெருங்குவதற்குள் வண்டி தானாகவே வேகம் குறைந்திருக்கும். பல நேரம் நிற்காமலே கடந்துவிடலாம். முன்வண்டிக்கும் தன் வண்டிக்கும் நடுவே அவர் விடும் இடைவெளியும் அதே கணக்கில் வருவது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி இடைவெளி என்றால் 66 மீட்டர். கார் ஓட்டும் வாசகர்கள் தயவுசெய்து இதைக் கவனிக்க வேண்டும். லாரிக்கு முன்னால் காலியாகத் தெரியும் அந்த இடம் எங்கள் பிரேக்குக்கு உரிய இடம். அதில் நீங்கள் நுழைந்ததும் நாங்கள் பிரேக்கை மிதித்தே தீர வேண்டும். எங்கள் டீசல் போகிறது. அதைவிட முக்கியம், அந்த நேரத்தில் உங்களுக்கு முன்னால் ஏதாவது குறுக்கிட்டால் எங்களால் நிறுத்த முடியாது.

இப்போது அந்த மைலேஜ் இலக்குக்கு வருகிறேன். சம்பளம் பிடிபடும் என்றால், அனுபவம் குறைந்த ஓட்டுநர் முதலில் என்ன செய்வார் தெரியுமா? இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருட்டிவிடுவார். எஞ்சின் சும்மா ஓடுகிறது, டீசல் மிச்சம் என்பது அவர் நினைப்பு. அதில் மிச்சமே இல்லை. இன்றைய எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரை விட்டால் டீசல் தெளிப்பது நின்றுவிடும். சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணைந்துவிடாமல் இருக்கத் தொடர்ந்து டீசல் குடிக்கும். தட்டையான சாலையில் உருண்டு போகும் தூரத்தைப் பற்றி வேண்டுமானால் வாதாடலாம், மலை இறக்கத்தில் வாதத்துக்கே இடமில்லை.

நியூட்ரலில் பறிபோவது எஞ்சின் பிரேக், அதாவது கியரில் இருக்கும் எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும் தடை. எஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டிய மொத்த எடையும் டிரம் மீது விழுகிறது. டிரம் சூடேறி விரிகிறது, அதை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனிங் பிடிப்பை இழக்கிறது, பெடல் வழக்கம்போல் இறங்கும் ஆனால் வண்டி நிற்காது. அந்த வேகத்தில் மறுபடி கியரைப் போடப் பார்த்தால் விழாது. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சாவியையே திருப்பி எஞ்சினை அணைத்துவிடுகிறார்கள். அப்போது பிரேக்குக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் கம்ப்ரசர் நின்றுவிடும். பிரேக்கை மிதிக்க மிதிக்க ஏர் டேங்கில் காற்று தீரும். பவர் ஸ்டியரிங்கும் செயலிழந்து, வளைவில் ஸ்டியரிங் திரும்ப மறுக்கும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போது அதே கியர் அல்லது அதற்கும் ஒன்று கீழே. கூடவே, எஞ்சினின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸ்ஹாஸ்ட் பிரேக். எங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர்கள் இதைத்தான் சொன்னார்கள். டீசல் கணக்கும் இன்று இதையே சொல்கிறது.

அடுத்தது வேகம். 80-ல் போக வேண்டிய வண்டியை 90-ல் விரட்டினால், எதிர்க்காற்று தடுக்கும் விசை கால் பங்குக்கும் மேல் கூடுகிறது. மோதினால் வெளிப்படும் ஆற்றலும் அதே அளவு கூடுகிறது. கிடைக்கும் லாபம் 100 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 8 நிமிடம். அந்த 8 நிமிடத்துக்காகத் தொலைபேசியில் விரட்டுகிற அலுவலகம், சரக்கு இறக்கும் இடத்தில் வண்டி அரை நாள் வரிசையில் நின்றால் ஒரு வார்த்தை பேசுவதில்லை. வரிசை நகரும்போது நகர வேண்டுமே என்று எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். கனரக லாரி நின்ற இடத்திலேயே மணிக்கு இரண்டு, மூன்று லிட்டர் குடிக்கும். அதையும் ஓட்டுநரின் மைலேஜில்தான் கழிக்கிறார்கள். இது அநியாயம்.

ஆனால் நின்ற இடத்தில் எரியும் டீசல் எல்லாமே வீண் என்றும் நான் சொல்லமாட்டேன். கொதிக்கும் கேபினில் யாராலும் தூங்க முடியாது. எஞ்சினை ஓட்டித்தான் ஏசி வேலை செய்யும் என்றால், ஓட்டுநர் உறங்கும் நேரத்துக்கான டீசலைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிட வேண்டும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 80 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு நொடி கண்ணயர்ந்தால் வண்டி ஏறக்குறைய 90 மீட்டர் ஓட்டுநர் இல்லாமல் ஓடிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். ஓட்டிய நேரத்தை டாக்கோகிராஃப் கருவி பதிவுசெய்கிறது. ஓய்வை ஓட்டுநரின் விருப்பத்துக்கு விடாமல் சட்டமாக்கியதுதான் அதில் எனக்குப் பிடித்த அம்சம். விருப்பம் என்று விட்டால், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டிய ஏழை ஓட்டுநர் தூக்கத்தைத்தான் முதலில் விற்பார்.

டயர் பற்றிக் கட்டுரையாளர் எழுதியது சரியே. காற்று குறைந்த டயர் உருளவும் தடுக்கும், சூடேறி வெடிக்கவும் செய்யும். இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். அளவுக்கு மீறிய லோடு பற்றி அவர் ஒன்றுமே எழுதாததுதான் ஏமாற்றம். மைலேஜையும் பிரேக்கையும் ஒருசேரக் கெடுப்பது அது. லோடு எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் ஓட்டுநர் முடிவு செய்வதில்லை.

மைலேஜ் கணக்கே வேண்டாம் என்று நான் வாதாடவில்லை. ஏற்றமான சாலையையும் சமவெளியையும், முழு லோடையும் காலி வண்டியையும் ஒரே இலக்கில் வைக்காதீர்கள். வரிசையில் நின்ற நேரத்தைத் தனியாக எழுதுங்கள். பிடித்தம் வேண்டாம், மிச்சமானதில் ஓட்டுநருக்கு ஒரு பங்கு கொடுங்கள். அந்தப் பங்கைக் கொடுக்கும் முன் டீசல் கணக்குக்குப் பக்கத்திலேயே பிரேக் லைனிங் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றப்பட்டது என்பதையும் பாருங்கள். மைலேஜ் நன்றாகவே இருந்தாலும் லைனிங் சீக்கிரம் தேய்ந்தால், அந்த வண்டி நியூட்ரலில் உருள்கிறதோ என்று விசாரியுங்கள். இரண்டும் நன்றாக இருக்கிற ஓட்டுநருக்கே பரிசைக் கொடுங்கள்; புதிதாக வருகிறவர்களை அவருடைய வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓட்டுநர்