டவுன்டன் எங்கே என்று கேட்டாயே

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. ஏறு, ஆனால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறு. அடுத்த கோடையில் இங்கிலாந்துக்கு மகனிடம் வரும்போது ‘டவுன்டன் அபி’ டிவி தொடரில் வரும் ஊரைப் பார்த்தே ஆக வேண்டும், அது எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தாய். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்.

அப்படி ஓர் ஊரே கிடையாது. கதைப்படி அது வடக்கே யார்க்‌ஷயரில் இருக்கிறது. நீ வாயைப் பிளந்து பார்க்கும் மாளிகை தெற்கே ஹாம்ப்ஷயரில் உள்ள ஹைகிளேர் கோட்டை. கிராமமோ ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் பாம்ப்டன். வேலைக்காரர்கள் ஓடியாடும் சமையலறை, லண்டன் ஈலிங் ஸ்டுடியோவில் போட்ட செட். கீழே கிண்ணத்தில் ஊற்றிய சூப் மேலே சாப்பாட்டு மேசைக்கு வருவதற்குள் ஊரே மாறிவிடுகிறது!

பாம்ப்டனுக்கு என் மகளோடு போனேன். சின்ன ஊர், அமைதியான ஊர். தொடரில் அந்த மாளிகையின் மூத்த மகள் மேரியின் கல்யாணம் நடந்த தேவாலயம் அப்படியே இருக்கிறது. தொடரில் மருத்துவமனையாக வரும் கட்டடம், உண்மையில் 17ஆம் நூற்றாண்டுப் பள்ளிக்கூடம். இப்போது ஊர் நூலகம். அதன் வாசலில் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் நகர்வதில்லை. நானும்தான்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பாம்ப்டன் இல்லை, வில்ட்ஷயரில் இருக்கும் லேகாக். நாலே நாலு முக்கியமான தெருக்கள், சதுரமாகச் சுற்றி வந்தால் முடிந்தது. இந்த ஊரைத் திரையில் நீ எத்தனையோ முறை பார்த்திருப்பாய், ஒரே ஊர் என்று தெரியாமலே. 1995இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ தொடரில் பென்னெட் பெண்கள் ரிப்பன் வாங்கவும் ராணுவ அதிகாரிகளைப் பார்க்கவும் போகும் மெரிட்டன் இதுதான். 2007இல் வந்த ‘கிரான்ஃபோர்ட்’ தொடரில் 1840களின் ஊர் இதுதான். 2019இல் வந்த டவுன்டன் படத்தில் ராஜா குதிரைப் படையோடு அணிவகுப்புக்கு வருவதும் இங்கேதான். போதாததற்கு, பக்கத்திலுள்ள பழைய மடத்தின் தாழ்வாரங்கள் ஹாரி பாட்டரின் பள்ளிக்கூடம் வேறு.

எந்த நூற்றாண்டைச் சொன்னாலும் பொருந்துகிற மாதிரி ஒரு ஊர் எப்படித் தப்பிப் பிழைத்தது? இதைத்தான் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் கம்பளி வியாபாரத்தில் கொழுத்தவை. அப்புறம் இயந்திரத் தறி வந்தது, ஆலைகள் பெருகின, தொழிலில் பெரும்பங்கு யார்க்‌ஷயருக்குப் போய்விட்டது. கையில் காசு இருந்திருந்தால் பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். இல்லை, அதனால் கட்டவில்லை. லேகாக்கில் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: ஊர் ஏறக்குறைய முழுவதும் டால்பட் என்ற ஒரே குடும்பத்தின் சொத்து. 1944இல் மெடில்டா டால்பட் அம்மையார் மடத்தையும் கிராமத்தையும், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். இன்றும் பெரும்பாலான வீடுகளில் டிரஸ்ட்டின் வாடகைதாரர்கள்தான் இருக்கிறார்கள். மின்கம்பிகள் பூமிக்கடியில் போகின்றன. நாம் ‘ஆகா, என்ன அழகு’ என்று நிற்பதெல்லாம் ஒரு காலத்து வறுமையும் ஒரு குடும்பத்தின் பிடிவாதமும் விட்டுவைத்த மிச்சம்.

அப்படியும் ஊர் நிறைய கார்கள், சொல்லிவிட்டேன். சாதாரண நாளில் நீ எடுக்கும் எந்தப் படத்திலும் ஒரு கார் மூக்கை நீட்டும். படப்பிடிப்பு என்றால் அவற்றையெல்லாம் அப்புறப்படுத்தி, தார் ரோட்டின் மேல் மண்ணைக் கொட்டி மறைத்து, பெயர்ப் பலகைகளை மாற்றி, கடை முகப்பையே புதிதாகப் பொருத்திவிடுகிறார்கள். முடிந்ததும் மண்ணை வாரிக்கொண்டு போய்விட வேண்டும்.

முக்கியமானதை விட்டுவிட்டேனே. அந்த மடத்தில் வாழ்ந்தவர்தான் புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான ஃபாக்ஸ் டால்பட். 1835இல் அவர் தன் வீட்டு ஜன்னல் ஒன்றைப் பிடித்த படம்தான் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நெகட்டிவ். தபால் தலை அளவுதான் இருக்கும். அந்த ஜன்னல் இன்னும் இருக்கிறது. கேமராக்கள் மொய்க்கிற ஊரிலேயே கேமராவின் பிள்ளைப் பருவமும் கழிந்திருக்கிறது பார்.

அதே வில்ட்ஷயரில் இருக்கும் இன்னொரு கிராமமான காஸில் கோம்பையும் பார்த்தோம். அழகுக்குக் குறைவில்லை, ஆனால் நடுப்பகலில் கூட்டம் தாங்கவில்லை. அதன் கதை மட்டும் சுவையானது. 1966இல் ‘டாக்டர் டூலிட்டில்’ படத்துக்காக ஓடையை அணைகட்டி மறித்து, கடலே இல்லாத ஊரைத் துறைமுகமாக்கினார்களாம். ரனல்ஃப் ஃபைன்ஸ் என்ற இளம் ராணுவ அதிகாரிக்கு இது பொறுக்கவில்லை. நண்பர்களோடு சேர்ந்து அணையை வெடிவைத்துத் தகர்க்கத் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டார். அபராதம் கட்டினார், சிறப்புப் படையிலிருந்தும் வெளியே போட்டார்கள். பிற்பாடு துருவப் பயணங்களால் உலகப் புகழ் பெற்றவர் இவரேதான். வெடி வைக்கப் பார்த்தது தப்பு, சரி. ஆனால் கோபம் எனக்குப் புரிகிறது. அங்கே வீட்டு ஜன்னலுக்கும் தெருவுக்கும் நடுவில் இடமே இல்லை. வருகிறவர்கள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்க்கிறார்கள், உள்ளே ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்ற நினைப்பே இல்லாமல். செட்டையும் வீட்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

நீ வரும்போது லேகாக்குக்குத்தான் முதலில் போகலாம். லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறி சிப்பனத்தில் இறங்கினால் அங்கிருந்து பஸ் இருக்கிறது. காலையிலேயே போய்விட வேண்டும், சுற்றுலா பஸ்கள் வந்து சேருமுன்பே. சனி, ஞாயிறு வேண்டாம். கருங்கல் பாவிய இடங்கள் மேடும் பள்ளமுமாக இருக்கும், உன் முழங்காலுக்கு நல்ல ஷூ அவசியம். செருப்போடு வந்தாயானால் கூட்டிப்போக மாட்டேன். எந்த மாதம் வருகிறாய் என்று மகனிடம் கேட்டு எழுது, அதற்குத் தகுந்த மாதிரி நானும் லீவு போட வேண்டும்.

அன்புடன்,
ராஜி