ஒதுங்க ஒரு கூரை

நாகை, மயிலாடுதுறைக் கடலோரத்தில் சுற்றுலாவைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மழை நாளில் நம் கடற்கரை இடங்கள் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்கிற கதை உங்களுக்குத் தெரியாததில்லை. அதனால் கார்த்திகை இரண்டாம் தேதி எங்களுக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

புனேயில் இருக்கும் அண்ணன், ஐப்பசிக் கடைசி நாளில் காவிரியில் முழுகும் கடைமுழுக்குக்குக் குடும்பத்தோடு மாயவரம் வந்திருந்தார். முழுக்கு முடிந்ததும் நாகையில் ரெண்டு நாள் தங்கி தரங்கம்பாடி, நாகூர், வேளாங்கண்ணி, முடிந்தால் கோடியக்கரையில் பூநாரை என்று திட்டம். போட்டவன் நான்தான். மழை வரும் என்று தெரியாமல் போடவில்லை. இந்தக் கரையோரத்தில் பெரும்பாலும் இரவிலும் விடிகாலையிலும்தான் கொட்டும், பத்து மணிக்கு மேல் கொஞ்சம் வெறிக்கும். அதனால் மழை பெய்கிற நேரத்துக்கு தர்காவும் மாதா கோயிலும், வெறித்த நேரத்துக்குக் கடற்கரை. ஆளுக்கொரு குடை, அம்மாவுக்கு ஒரு மாற்றுச் சேலை. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் ஊர் இது. விடுதியில் கொடுத்த சுற்றுலாக் கையேட்டில் மட்டும் 'வருவதற்கு ஏற்ற காலம்: அக்டோபர் முதல் மார்ச் வரை' என்று அச்சடித்திருந்தது. எழுதியவர் எந்த ஊரோ!

அன்று நாங்கள் போன இடம் மூடியிருந்தது. எந்த இடம் என்று எழுதவில்லை. எழுதினால் அந்த வாசலில் நின்ற காவலாளிதான் மாட்டுவார். அவர் பாவம், தன் குடையைக் கொடுத்தார். "நேத்து சாயங்காலமே மூடச் சொல்லிட்டாங்க சார்" என்றார். நேற்று சாயங்காலமே தெரிந்த விஷயம் இன்று பதினோரு மணிக்கு, முப்பது கிலோமீட்டர் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிகிறது.

பேசிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. காரை விட்ட இடம் தூரம். அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி, ஓட முடியாது. சுற்றிப் பார்த்தேன்: மதில் இருக்கிறது, பூட்டிய கேட் இருக்கிறது, வரவேற்புப் பலகை இருக்கிறது. தலைக்கு மேல் ஒன்றுமில்லை. கடல் காற்றில் குடை ரெண்டு தரம் மடங்கியது. கார் வந்து சேர்வதற்குள் அம்மா தொப்பலாக நனைந்து உதறத் தொடங்கிவிட்டார். மாற்றுச் சேலை கையில் இருக்கிறது, மாற்ற இடமில்லை. கார் கதவைத் திறந்து அண்ணனின் வேட்டியை மறைப்பாகப் பிடித்தோம், காற்று அதையும் விடவில்லை. கடைசியில் எதிரே டீக்கடை வைத்திருக்கும் அம்மாள்தான், "உள்ள வாங்கம்மா, இதுல என்ன கூச்சம்" என்று தன் வீட்டுக்குள் அழைத்துப்போனார். காசு கொடுத்தேன். டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது அம்மா ஒன்றுதான் சொன்னார்: "நெல்லு காயப்போடற களத்துலகூட ஒரு கொட்டகை இருக்குமேடா."

மூடியதைக் குறை சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமியையும், 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியதையும் பார்த்தவர்கள் நாங்கள். மழையையும் குறை சொல்ல மாட்டோம், சம்பாவுக்கு அதுதானே உயிர். அன்று வானிலை மையத்தின் மஞ்சள் எச்சரிக்கை, அதாவது 7 முதல் 11 செ.மீ. மழை. மூடியது சரி. மூடியதைச் சொல்லவில்லை, வந்தவர் ஒதுங்க இடம் வைக்கவில்லை என்பதுதான் எங்கள் குறை.

சொல்லப்போனால், வழிப்போக்கனுக்கென்றே வீட்டுக்கு வீடு திண்ணை வைத்துக் கட்டிய ஊர்கள் இவை. ராமேசுவரம் போகிறவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். 1620-இல் தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள்கூட, 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை இதே மழையில்தான் குடியிருந்தார்கள். அவ்வளவு ஏன், கடைமுழுக்குக்கு நேரத்துக்கு வந்துசேர முடியாத முடவனுக்காக மாயவரத்துச் சாமியே ஒரு நாள் தள்ளிக் கொடுத்தார், கார்த்திகை ஒன்றாம் தேதி முடவன் முழுக்கு. உங்களிடம் நாள் கேட்கவில்லை. கூரைதான் கேட்கிறோம். வரவேற்பு வளைவுக்கும் செல்ஃபி எடுக்கிற பெரிய எழுத்துக்கும் இடமும் பணமும் கிடைக்கிறதே, அந்த எழுத்துகளையாவது கொஞ்சம் அகலமாக வைத்திருந்தால் அடியில் ஒதுங்கியிருப்போம்.

கோபத்தில் நீண்டுவிட்டது, மன்னிக்கவும்.

தயவுசெய்து, மழைக்காலத்தில் எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்று காலை ஏழு மணிக்குள் சொல்ல ஒரு வழி செய்யுங்கள். விடுதிகளுக்கும் பேருந்து நிலையத்துக்கும் ஒரு போன் போட்டுச் சொன்னாலே போதும். அப்புறம், அடுத்த ஐப்பசிக்குள் ஒவ்வொரு வாசலிலும் ஒதுங்க ஒரு கூரை, பக்கத்தில் துணி மாற்ற, கழிப்பறைக்குப் போக ஓர் அறை. மழை நாளிலும் அந்த அறையின் பூட்டு திறந்திருக்க வேண்டும்.

தகரம் மட்டும் வேண்டாம். கஜாவில் அது எங்கெல்லாம் போய் விழுந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
மாயவரத்துக்காரன் ஒருவன்