'பின்னால் யார்?' என்று எழுதும் முன்

மூணாறு, பீர்மேடு, தேனி வட்டாரச் செய்திகளை எழுதும் செய்தியாளர்களுக்கும் அவற்றைத் திருத்தி வெளியிடும் ஆசிரியர்களுக்கும் வணக்கம். யாராவது போராடினாலோ கேள்வி கேட்டாலோ, அவர் 'பின்னால் யார்?' என்று ஆதாரமில்லாமல் எழுதுவதைப் பற்றியது இந்தக் கடிதம்.

2015 செப்டம்பரில் மூணாறு தோட்டப் பெண்கள் வேலையை நிறுத்தியபோது கேட்டது 20 சதவீத போனஸ். நிர்வாகம் தருவதாகச் சொன்னது 10. அன்றைய நாள்கூலி 232 ரூபாய். இந்த மூன்று எண்களையும், போனஸ் நோட்டீசையும் சம்பளச் சீட்டையும் பார்த்தே சரிபார்த்திருக்கலாம். தொழிற்சங்கத் தலைவர்களைப் பெண்கள் கிட்டே விடவில்லை என்றதும் 'பின்னால் தமிழ்த் தீவிர அமைப்புகள்' என்ற பேச்சு கிளம்பிச் செய்திகளிலும் ஏறியது. கடைசியில் 8.33 சதவீத போனஸ், 11.67 சதவீதக் கருணைத்தொகை என்று அதே 20-க்குத்தான் உடன்பாடு வந்தது.

ஒரே படத்தில் நிற்பது, ஒரே மேடையில் பேசுவது, உறுப்பினராக இருப்பது, பணம் வாங்குவது, சொன்னபடி ஆடுவது எல்லாம் ஒன்றல்ல. படத்துக்குத் தேதியும் இடமும் வேண்டும். உறுப்பினர் என்றால் பதிவேடு, பணம் என்றால் வங்கிக் கணக்கு. தடை செய்யப்பட்ட அமைப்பில் உறுப்பினராக இருப்பதே குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொன்ன பிறகும், உறுப்பினர் என்பதை வழக்குத் தொடுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். நீங்களோ 'நெருக்கமானவர் எனக் கூறப்படுகிறது' என்று எழுதிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறீர்கள். கூறியது யார்? தலைப்பில் போடும் கேள்விக்குறி உங்களைக் காப்பாற்றும், பெயர் அடிபட்டவரைக் காப்பாற்றாது.

முல்லைப் பெரியாறு விஷயத்தில் இது இரு கரையிலும் நடக்கிறது. அணைக்குக் கீழே, கேரளத்தின் வண்டிப்பெரியாற்றில் ஆற்றோரம் குடியிருக்கும் தமிழர் அணையின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், தேனி மாவட்டக் கம்பம் ஊரில் அவர் 'கேரளா ஆள்'. உச்ச நீதிமன்றத்தின் 2014 தீர்ப்பு அணையில் 142 அடி நீர்மட்டத்துக்கு அனுமதித்தது என்று அவரே சொன்னால் இடுக்கியில் 'தமிழ்நாட்டு ஆள்'. இரண்டு பேச்சிலும் சரிபார்க்க விஷயம் இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை.

வாசகர்களும் சளைத்தவர்கள் அல்ல. தேசாபிமானி, தீக்கதிர் என்றால் மார்க்சிஸ்ட், முரசொலி என்றால் திமுக என்று சொல்லிச் செய்தியையே தள்ளிவிடுகிறார்கள். பத்திரிகை யாருடையது என்று தெரிந்தால் எந்த வரியை உற்றுப் பார்க்க வேண்டும் என்று தெரியும். அந்த வரி பொய் என்று அதை வைத்தே சொல்ல முடியாது.

ஒரு பத்திரிகையின் சாய்வை அளக்க ஒரு செய்தி போதாது. ஒரு தரப்பு மட்டுமே வாய் திறந்த நாளில் நேர்மையான செய்தியும் சாய்ந்துதான் தெரியும். ஒரே விவகாரத்தில் ஒரு மாதச் செய்திகளை எடுங்கள். முதலில் யார் பேச்சு வருகிறது, பெயரோடு எத்தனை பேர், 'வட்டாரங்கள்' எத்தனை, யார் 'கூறினார்', யார் 'மழுப்பினார்' என்று எண்ணுங்கள். பிறகு கட்சிப் பெயர்களை இடம் மாற்றிப் படியுங்கள். அப்போதும் அந்த வாக்கியத்தை அச்சில் விடுவீர்களா?

நாளிதழ்மீது பிரஸ் கவுன்சிலுக்குப் போக முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள் புகார் போக வேண்டும். பாதிக்கப்பட்டவரின் கடிதத்தை நீங்கள் கிடப்பில் போட்டால் அந்தக் கெடு ஓடிவிடும். ஒரு வாரத்துக்குள் பதில் தாருங்கள். மறுப்பை, குற்றச்சாட்டு வந்த அதே பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
தேவிகுளம், பீர்மேடு வட்டத் தமிழ் வாசகர்கள் சிலர்