பச்சை நோட்டு

கொழிஞ்சாம்பாறை,
மார்கழி 20

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியைப் படித்து இவளுக்கும் எனக்கும் மிகுந்த மகிழ்ச்சி. இங்கே கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. இரவெல்லாம் பனையோலைகளின் சத்தம்தான்.

"எங்கள் சங்கத்தில் திருடனும் இல்லை, சோம்பேறியும் இல்லை, ஆனாலும் ஒரு வேலையும் முடிவதில்லை, ஏன்?" என்று கேட்டிருந்தாய். மூன்று நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நான் நிர்வாகக் குழுவில் இருந்த பால் சங்கம் உனக்கு நினைவிருக்கும். அங்கே ஒருவர் ஊற்றும் பாலின் அளவை மூன்று இடத்தில் எழுதுவார்கள். அவருடைய அட்டையில், தினப் பதிவேட்டில், பிறகு பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டில். எப்போதோ ஒரு எழுத்தர் அளவில் கை வைத்தார் என்பதற்காக வந்தது அந்த நோட்டு. அவர் போய் இருபது வருடம் ஆகிறது. இப்போது இயந்திரமே சீட்டு அடித்துக் கொடுக்கிறது. ஆனாலும் காலை ஆறரை மணிக்குத் தூக்குவாளியோடு பெண்கள் வரிசையில் நிற்க, அந்தப் பையன் குனிந்து பச்சை நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறான். அதைத் திருப்பிப் பார்த்தவர் யாரும் இல்லை.

ஒருமுறை நிறுத்திப் பார்த்தோம். தணிக்கைக்கு வந்தவர் "அது எங்கே?" என்று கேட்டார், மறுநாளே திரும்பி வந்துவிட்டது. நிறுத்தச் சொன்னவன் நான். நாளை ஏதாவது தவறு நடந்தால் என் பெயர்தான் நிற்கும் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டேன். தொடர்ந்து எழுதினால் வீணாவது ஊராருடைய அரைமணி நேரம். அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. முருகேசா, நோய் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்றைச் சேர்ப்பவருக்குப் பாதுகாப்பு, எடுப்பவருக்கு ஆபத்து. அதனால் எல்லா இடத்திலும் சேர்ந்துகொண்டே போகிறது.

பார்க்கின்சன் என்ற ஆங்கிலேயர் 1955-இல் ஒரு கணக்கு காட்டினார். 1914-க்கும் 1928-க்கும் இடையே பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் 62-லிருந்து 20 ஆகக் குறைந்தன. தலைமையகத்து அலுவலர்களோ 2,000-லிருந்து 3,569 ஆனார்கள். ஒருவருக்கொருவர் வேலை உண்டாக்கிக் கொடுத்தே எல்லோரும் ஓய்வின்றி இருக்க முடியும் என்றார் அவர்.

நம் ஆற்றையே பார். தமிழ்நாடும் கேரளமும் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்ளும் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தானது. 1958 நவம்பர் முதல் செல்லும். மணக்கடவு அணைக்கட்டில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர், முப்பது ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை என்று அதிலேயே எழுதியிருக்கிறது. 1988-இல் வந்த தவணை இன்னும் நிறைவேறவில்லை. கூட்டங்கள் நடக்கின்றன, அதிகாரிகள் வந்து போகிறார்கள். ஒப்பந்தத்தை மறுபடி பேச எடுத்தால் நம் பங்கு குறைந்துவிடுமோ என்ற அச்சம் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஒப்பந்தம் அசையாமல் நிற்கிறது. வயல் காய்கிறவன்தான் இரண்டு மாநிலத்திலும் கஷ்டப்படுகிறான்.

உன் அலுவலகத்தில் உள்ள பதிவேடுகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிவை. ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று ஓய்வு பெற்ற பெரியவர்களிடம், அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள். எதையாவது நிறுத்துவதானால் உன் ஒருவன் பெயரில் செய்யாதே. குழு முழுவதையும் கையெழுத்துப் போட வை. நான் அதைச் செய்யாமல் விட்டேன், இன்றும் உறுத்துகிறது.

பொங்கலுக்கு மறுநாள் பொள்ளாச்சிக்கு வருகிறேன். மீதியை நேரில் பேசுவோம். இன்று இரவு எங்கள் முறைத் தண்ணீர். மடை திருப்பப் போக வேண்டும்.

அன்புடன்,
சுப்பிரமணியன்